மின்மினி இல்லாத சினிமா

புத்தகம் உசத்தியா, சினிமா உசத்தியா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிற காலம் இது. உங்கள் வீட்டிலும் நடக்கும். ஒரு மாயாஜாலக் கதை புத்தகமாக வந்திருக்கும், பிறகு அதுவே படமாக வந்திருக்கும். படித்தவர்கள் ஒரு கட்சி, பார்த்தவர்கள் ஒரு கட்சி. போளூரில் என் வீட்டில் மருமகள் புத்தகக் கட்சி, மகன் சினிமாக் கட்சி. "கதைல வர்றதுல பாதிய முழுங்கிட்டானுங்க" என்பாள் அவள். "ரெண்டரை மணி நேரத்துல எம்மாந்தான் காட்டுவான்? படத்தப் படமாப் பாரு" என்பான் அவன். சோறு ஆறிப்போகும். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று மருமகள் நினைத்துக்கொள்வாள்.

புரியாமல் என்ன. இதே வழக்கு எங்கள் வீட்டில் முன்பு ஒரு தடவை நடந்திருக்கிறது. அப்போது புத்தகக் கட்சியில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். எங்கள் அண்ணி. அவள் தோற்றாள். தோற்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

நம் வயசுக்காரர்களிடம் சொன்னால்தான் இது எடுபடும். சினிமா பார்ப்பதற்கென்று மலையிலிருந்து இறங்கி, மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் நீங்கள். திரையில் ஒருவன் செத்தால் வீட்டுக்கு வந்து தலை முழுகினவர்களும் நம்மில் உண்டு. சின்னவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் சந்தைக்கு நடந்துபோகிற தூரத்தில். சாமை போடுவோம், கொஞ்சம் கேழ்வரகு, வரப்போரமெல்லாம் புளியமரம். எனக்கு அப்போது முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்ததே தவிர எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, அது பிற்பாடு வந்தது. அந்த வருஷம் தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள்.

அண்ணியும் மலைக்காரிதான். ஆனால் அவளுடைய அப்பா போளூரில் ஒரு புளி மண்டிக்கு மூட்டை தைக்கிற வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அதனால் இவள் கீழேயே வளர்ந்தாள், எட்டாவது வரைக்கும் படித்தாள். சரிவில் விறகுக்கட்டோடு இறங்கத் தெரியாது. அட்டை கடித்தால் ஊரைக் கூட்டுவாள். அம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவள வச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தாள்.

அண்ணி கொண்டுவந்த தகரப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் ஒரு புத்தகம் இருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியாலும் சணலாலும் அவள் அப்பாவே தைத்துக் கொடுத்தது. அட்டை கிடையாது. முதல் பக்கமும் இல்லாததால் கதைக்குப் பெயரும் கிடையாது. நாங்கள் அதை உப்புக்கோட்டை என்று சொன்னோம்.

மாசி, பங்குனி எங்களுக்குப் புளி தட்டுகிற மாதங்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைத் தட்டைக் கல்லில் வைத்து இரும்புக் கழியால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறிக்கும். நாள் முழுக்க அதே வேலைதான். நகத்தோரம் வெடிப்பு இருந்தால் புளிப்பு ஏறி உயிர் போகும். விரலோடு விரல் ஒட்டும், முகத்தில் ஈ உட்கார்ந்தால் புறங்கையால்தான் ஓட்ட முடியும். அண்ணி தட்டின புளியில் பாதிக் கொட்டை உள்ளேயே கிடக்கும். ஒரு மத்தியானம் அவள் கையைக் கழுவிவிட்டு ஓரமாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எரிச்சல்.

"இன்னாமே முணுமுணுன்னுக்கினு கீற? மந்திரமா ஓதற?"

"கதை அத்த."

"கதன்னா வாய வுட்டுச் சொல்லு. நாங்களும் கேக்கறம். எப்படியும் நீ தட்டற புளி மண்டிக்கு ஆவாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணி சத்தமாகப் படித்தாள். அதுவரைக்கும் அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால், வழக்கத்தைவிட ஒரு கூடை அதிகமாகத் தட்டியிருந்தோம். அம்மா கூடையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அண்ணிக்குப் புளி வேலை இல்லை, படிக்கிற வேலைதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புளியைக் கூடையில் தூக்கிக்கொண்டு எங்கள் களத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு அத்தை, அம்மாவோடு ஜென்மப் பகை உள்ளவள், அவளும் வந்தாள். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எங்க மருமவ படிக்கறா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். அண்ணி குரல் கம்மினால் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அந்தப் புளி தட்டுகிற காலம் மட்டுந்தான் எங்கள் வீட்டில் அண்ணிக்கு நல்ல காலம்.

கதை இதுதான். ஓர் ஆற்றங்கரையில் ஓடக்காரன் மகள் ஒருத்தி. கடல் நடுவே உப்பால் கட்டின கோட்டையில் ஒரு மந்திரவாதி. மனிதர்களின் நிழலைத் திருடுவது அவன் தொழில். யாருடைய நிழல் வேண்டுமோ அவர்களிடம் மின்மினிகளை அனுப்புவான். பட்டப்பகலில், நல்ல வெயிலில், அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மின்மினிகள் பறக்கும். பறந்து ஓயும்போது காலடியில் நிழல் இருக்காது. நிழல் இல்லாதவள் மனுஷி இல்லை, பேய் என்று ஊர் விரட்டும். ஓடக்காரன் மகள் தன் நிழலைத் தேடிக் காடும் கடலும் தாண்டிப் போகிறாள். வழியில் ஓர் இளவரசன் துணைக்குச் சேர்கிறான்.

எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை, கோட்டையையும் பார்த்ததில்லை. ஆனால் ஆளுக்கொரு கோட்டை வைத்திருந்தோம். என் கோட்டை சந்தையில் கல்லுப்பு விற்கிறவரின் கோணிக்குள் இருந்தது. மேல்வாய் மடித்த கோணிக்குள் எட்டிப் பார்த்தால் ஈரமாக, சாம்பல் வெள்ளையாக, முனை முனையாகத் தெரியுமே, அதுதான். அம்மாவின் கோட்டையில் மழை வந்தால் சுவர் கரையும். "மழைக்கு இன்னாடி பண்ணுவான் அவன்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். எதிர்வீட்டு அத்தை மின்மினி வருகிற இடத்தில் கழியைக் கீழே வைத்துவிட்டுத் தன் நிழல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வாள். நாங்கள் எல்லாருமே பார்த்துக்கொள்வோம்.

கடைசிக் கூடை புளியோடு கதையும் முடிந்தது. ஓடக்காரன் மகள் நிழலை மீட்டுவிடுகிறாள். கோட்டை கடலில் கரைகிறது. இளவரசன் அவளைத் தன் அரண்மனைக்குக் கூப்பிடுகிறான். அண்ணி படித்தது இன்றைக்கும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"'இங்கே உனக்கு என்ன குறை?' என்றான் இளவரசன். 'குறை ஒன்றும் இல்லை. என் அப்பாவின் ஓடம் கரையில் கட்டிக் கிடக்கிறது, நான் போக வேண்டும்' என்றாள் அவள். பொழுது அவள் முதுகுப் பக்கம் இருந்தது. நிழல் முன்னால் நடந்தது, அவள் அதன் பின்னால் போனாள்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். எதிர்வீட்டு அத்தைதான், "கட்டிக்காமயா போய்ட்டா? அம்மாம் பெரிய ராஜாவூட்டுப் புள்ளய வுட்டுட்டு?" என்று கேட்டாள்.

"புக்ல அப்படித்தான் போட்டுக்கீது" என்றாள் அண்ணி.

"இன்னா புக்கோ போ" என்று அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சித்திரையில் புளியை மண்டியில் போடப் போன அண்ணன் சேதி கொண்டுவந்தான். உப்புக்கோட்டை சினிமாவாக வந்திருக்கிறது, போளூர்க் கொட்டாயில் ஓடுகிறது. அதே ஓடக்காரன் மகள், அதே மந்திரவாதி. ஊரே கிளம்பியது. சாமி பார்க்கப் போகிற மாதிரி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பெரியப்பாவை முன்னால் விட்டு, காலை பஸ்ஸில் ஏறினோம். பெரியப்பாதான் எங்கள் ஊரில் பெரியதனம் பார்க்கிறவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மலைப்பாதை வளைவுகளில் அண்ணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அம்மா தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

கொட்டாயில் அண்ணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்களைவிட அவளுக்குத்தான் பரபரப்பு. "தோ, இப்ப மின்மினி வரும் பாரு பாப்பா" என்று என் கையை அழுத்தினாள். மின்மினி வரவில்லை. இடி இடித்தது, புகை வந்தது, மந்திரவாதி தொடையைத் தட்டிச் சிரித்தான், அவ்வளவுதான். நிழல் போய்விட்டதாம். ஓடக்காரன் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். நான் அவள் காலடியைப் பார்த்தேன். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நிழல், அந்தப் பக்கம் ஒரு நிழல், ஆக இரண்டு நிழல் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணி, நெழலு கீதே! ரெண்டு கீதே!" என்று கத்திவிட்டேன்.

"கம்னு கெட" என்று முன்னால் இருந்த ஒருத்தி திரும்பி அதட்டினாள்.

உப்புக்கோட்டையும் உப்புக்கோட்டையாக இல்லை. தூண், திரைச்சீலை, சிம்மாசனம் என்று எந்த ராஜா படத்திலும் வருகிற அரண்மனைதான். கடல் ஒரு நீலத்துணி, யாரோ இரண்டு பேர் ஓரத்தில் நின்று ஆட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் எங்கள் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. தாங்கள் நினைத்து வைத்திருந்த கோட்டைகளை எல்லாரும் அந்த மணலிலேயே போட்டுவிட்டு, திரையில் காட்டினதை எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா தன் கரைகிற சுவரை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை.

கடைசியில் கல்யாணம். ஓடக்காரன் பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டி, மகள் கையைப் பிடித்து இளவரசன் கையில் கொடுக்கிறான். மாலை மாற்றினார்கள். யானைமேல் ஊர்வலம். கொட்டாயில் விசில் பறந்தது. எங்கள் பெண்களும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாக அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்தாள். "கண்ணாலம் ஆவலன்னியே. மால மாத்தி யானமேல போறாளே?"

"சினிமாவுல மாத்திட்டாங்க அத்த" என்றாள் அண்ணி. "மின்மினியயும் வுட்டுட்டாங்க."

"எல்லாத்தயும் அவுங்க மாத்திட்டாங்க, நீ ஒண்டிதான் கரெட்டு?"

அண்ணி பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் நியாயம் சொல்லுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவரும் நியாயம்தான் சொன்னார், தனக்குத் தெரிந்த நியாயத்தை.

"கூத்து பாத்துக்கிறியாம்மா? எந்த ஊர்ல கூத்துப் போட்டாலும், எவன் வேசங் கட்டினாலும், படுகளத்துல சாவறவன் சாவத்தான் சாவறான். நம்ம ஊர்ல சாவடிச்சி, ஒடுகத்தூர்ல எழுப்பி வூட்டுக்கு அனுப்பறானா? கதன்னா ஒண்ணுதான். முடிவ மாத்தினா அது தெய்வக் குத்தம். இம்மாம் பேரு சேந்து படம் எடுத்தவன் அந்தத் தப்பப் பண்ணுவானா?"

பதில் இருந்தவள் ஒருத்திதான், அவளும் சின்னவள். "புக்க யாராச்சும் படிச்சிப் பாருங்க மாமா" என்றாள். எங்கள் ஊரில் யார் படிப்பார்கள்? அண்ணனுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். வாத்தியார் கோடை லீவுக்குக் கீழே போயிருந்தார். என் அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

எதிர்வீட்டு அத்தைதான் முடிச்சுப் போட்டாள். "எனக்கு இப்பதான் வெளங்குது. இவளுக்கு மலையில இருக்கப் புடிக்கல. தாய் வூட்டுக்குப் போவணும். அதான் கதையிலயும் அவள அப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பு முடிந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்ததை நான் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொன்ன மருமகள், ஊரைக் கூட்டி வைத்துப் பொய் படித்தவளாகிவிட்டாள். திரும்பி வரும்போது வளைவுகளில் அண்ணி வாந்தி எடுத்தாள். யாரும் முந்தானையை நீட்டவில்லை.

அடுத்த சந்தைக்கு அம்மா அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வறுத்த கடலை விற்கிறவரிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டாள். அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு நான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடலை வாங்கச் சொல்லி அழுவேன். பொட்டலத்தைப் பிரித்து, கடலையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, தாளை அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். எண்ணெயும் உப்பும் படிந்த தாள். அண்ணி பார்த்துவிட்டு, "இது காட்ல பாம்பு வர்ற எடம்", "இது மொதல்ல ஆத்தங்கர" என்பாள். கடைசிப் பக்கம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அது யார் கைக்குப் போயிற்றோ, என்ன விஷயம் என்று தெரியாமல் எங்கே கசக்கிப் போட்டார்களோ.

மழைக்காலம் வந்தது. அண்ணிக்கு வயிறு தெரிந்தது. ஆடியில் அவளுடைய அப்பா வந்து பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகக் கேட்டார். மாசம் ஏறட்டும், சாமை அறுப்பு முடியட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. போனால் திரும்பி வரமாட்டாள் என்ற பயம்தான் அவளுக்கு. அந்தப் பயத்தைக் கொடுத்தது ஒரு கதையின் முடிவு.

ஆவணி கடைசியில் அண்ணிக்குக் கால் வீங்கியது. கொலுசு மாட்ட முடியவில்லை. பிறகு முகம் வீங்கியது. தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிடுவாள். ஒரு காலையில், வெயில் நன்றாக ஏறின பிறகு, அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அத்த, தல ரொம்ப வலிக்குது. கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்கறாப்பல கீது. பகல்லயே பறக்குது. என்னக் கீழ ஆசுபத்திரிக்கு இட்னு போங்க."

முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"இன்னா பறக்குது?"

"மின்மினி அத்த."

"சினிமாவுலயே மின்மினி கெடயாது" என்றாள் அம்மா. "பாத்தமே, எல்லாருந்தான் பாத்தம். அதுவும் நீயா சேத்தது. இப்ப அது கண்ணுல வேற பறக்குதா? போளூருக்குப் போவணும்னா போவணும்னு சொல்லு. எதுக்கு இம்மாம் கத?"

"நெசமாத்தான் அத்த. சத்தியமா."

"அந்தப் புக்கயும் சத்தியம்னுதான சொன்ன?"

நான் அங்கேதான் இருந்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவள் காலடியைப் பார்த்தேன். நிழல் இருந்தது. அதைச் சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுத்தேன். "நெழலு போவல அண்ணி, கீது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வீங்கின முகத்தில் சிரிப்பு வரவில்லை. அண்ணனிடமும் சொன்னாள். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அறுப்பு முடியட்டும் என்று அவனும் சொல்லிவிட்டான்.

அறுப்பு முடியவில்லை. சாமைக் கொல்லையில், எல்லாரும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், அண்ணி விழுந்தாள். கை கால் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. பேய் பிடித்துக்கொண்டது என்று பூசாரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து முடிக்கிறவரை காத்திருந்தார்கள். இழுப்பு நிற்கவில்லை. அப்புறம்தான் போர்வையில் கழி செருகித் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு ஓடினார்கள். அங்கிருந்து லாரி. லாரி போளூர் போய்ச் சேரும்போது அண்ணியும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

அண்ணன் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "டாக்டரம்மா ஒண்ணுதான் கேட்டாங்க" என்றான். "கண்ணுல பூச்சி பறக்கறாப்பல கீதுன்னு சொன்னாளான்னு கேட்டாங்க. சொன்னான்னேன். சொன்ன அன்னிக்கே இட்னு வந்திருக்கணும்னாங்க."

அம்மா சொம்போடு நின்றாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்ததைத்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"புக்குல பொய் சொன்னாளேடா. அப்பறம் நான் எத நம்புவேன்?"

அண்ணன் வேறொருத்தியைக் கட்டினான். பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பல் முளைத்தபோதும், அப்பா செத்தபோதும், நான் கல்யாணமாகிப் போளூர் வந்தபோதும், யாராவது அண்ணியின் பேச்சை எடுத்தால் அம்மா அதையே சொல்வாள். புக்குல பொய் சொன்னாளே. சாய்ந்துகொள்ள அவளுக்கு அந்த ஒரு சுவர்தான் இருந்தது. நானும் பாதி நம்பினேன் என்பதுதான் உண்மை. நான் எங்கே அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்?

போன மாதம் மருமகளுக்கு ஒரு பார்சல் வந்தது. "அத்தே, பழைய மாயாஜாலக் கதை ஒண்ணு. உப்புல கட்டின கோட்டையாம். முன்னமே படமா வந்ததாம், இப்ப மறுபடி பெருசா எடுக்கறாங்களாம். அதுக்காகப் புத்தகத்தத் திருப்பிப் போட்டிருக்காங்க" என்றாள். அவள் படித்து முடிக்கிறவரை பொறுக்க முடியாமல், அவள் வேலைக்குப் போன பகலில் எடுத்து உட்கார்ந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே மின்மினிகள் பறந்தன, பட்டப்பகலில்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஓடம் கரையில் கட்டிக் கிடந்தது. பொழுது அவள் முதுகுப் பக்கம் இருந்தது. நிழல் முன்னால் நடந்தது. அண்ணி ஒரு வார்த்தையைக்கூடச் சேர்த்திருக்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட விட்டிருக்கவில்லை. நான் அந்தப் பகல் முழுக்க அழுதேன். சாயங்காலம் வந்த மருமகள், "பழைய படத்துல கல்யாணம் ஆயிடுமாமே. எது நல்லாருக்கு அத்தே?" என்று கேட்டாள். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். சண்டை போடத்தான் போனேன். பாதை முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். பொய் சொன்னது சினிமாக்காரன், உன் மருமகள் இல்லை. இந்தா, பார். அம்மாவின் முகத்துக்கு நேராக அதை நீட்ட வேண்டும், அண்ணிக்காக ஒருத்தியாவது அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. அண்ணன் வீட்டில், கதவோரம் போட்ட பாயில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லாரும் கொல்லை வேலைக்குப் போயிருந்தார்கள். "உப்புக்கோட்ட புக்கு கெடச்சிதும்மா" என்றேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். அட்டையைத் தடவினாள், மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

"புளி வாசன இல்லியே" என்றாள்.

"இது புதுசு."

திருப்பிக் கொடுத்தாள். கை என் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதில் கனமே இல்லை. "கடசிய மட்டும் படி" என்றாள்.

பக்கத்தைத் திறந்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. இங்கே உனக்கு என்ன குறை என்றான் இளவரசன். அதைப் படித்தேன். அடுத்த வரி வரவேண்டும். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால்மேல் இருந்த விரல்கள் இறுகின. அந்த விரல்களை நான் பார்த்திருக்கக் கூடாது.

"'குறை ஒன்றும் இல்லை' என்றாள் அவள்" என்று படித்தேன். பிறகு தாளில் இல்லாததைப் படித்தேன். "ஓடக்காரன் பட்டு உடுத்தி வந்தான். மகளின் கையைப் பிடித்து இளவரசன் கையில் கொடுத்தான். மாலை மாற்றினார்கள். யானைமேல் ஏறி ஊர்வலம் போனார்கள்."

அண்ணி செய்யாத காரியத்தை, அவள் செய்ததாகச் சொல்லி அவளை முடித்த காரியத்தை, அவளுடைய புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு நான் செய்தேன்.

அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. சுவரில் சாய்ந்துகொண்டாள். பெருமூச்சு விட்டாள். முடிந்தது என்று நான் புத்தகத்தை மூடப் போனேன்.

"அவ படிச்சதுதாண்டி நல்லா இருந்துது" என்றாள் அம்மா.